வெறுந்தேத்தண்ணி குடிக்கும் பொலிஸ் சாமி

பண்டாரவளையிலிருந்து பதுளைக்கு இறங்கும் ரோட்டில், தெமோதரைக்கு இந்தப் பக்கம், தேயிலை மலையை ஒட்டி ஒரு வளைவு இருக்கிறது. அந்த வளைவில் சவுக்கு மரத்தடியில் ஒரு கல் நிற்கிறது. முழங்கால் உயரம். நெற்றி இருக்கவேண்டிய இடத்தில் பொட்டு, கழுத்து இருக்கவேண்டிய இடத்தில் செவ்வந்தி மாலை, இடுப்பு இருக்கவேண்டிய இடத்தில் பொலிஸ்காரனின் தோல்வார். பார்த்தவுடனே காவல் தெய்வம் என்று தெரிந்துவிடும். ஆனால் அதன் முன்னால் சாராயப் போத்தல் இராது, சுருட்டு இராது. ஒரு சிரட்டை நிறைய பால் கலக்காத வெறுந்தேத்தண்ணி இருக்கும். வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நானும்தான் சிரிப்பேன், ஆனால் விஷயம் தெரிந்து சிரிப்பேன்.

அந்தக் கல் என் கூட்டாளி. ரயில் பதுளையை எட்டாத காலத்தில் நானும் அவனும் ஒரே ஸ்டேஷனில் கான்ஸ்டபிள்களாக இருந்தோம். அவன் கடமையில் இருந்தபோது அடித்துக் கொல்லப்பட்டான். குடித்துவிட்டு விழுந்து செத்தான் என்று சொல்லுகிறவர்கள் பதுளைக் கடைவீதியில் இன்றைக்கும் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கேட்க விருப்பமில்லாதவர்களுக்கு எழுதுவது எனக்குப் பழக்கம். பொலிசில் இருந்த காலம் முழுக்க நான் எழுதிய ரிப்போட்டுகள் எல்லாம் அந்த வகைதான்.

குடியைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டு. குடித்தவன் எந்தப் பக்கம் விழுவான், எப்படி விழுவான், விழுந்தபின் யாரைத் திட்டுவான் என்பதெல்லாம் எனக்கு மிக நன்றாகத் தெரியும். விசாரித்துத் தெரிந்துகொண்டவை கொஞ்சம். விழுந்து தெரிந்துகொண்டவை அதிகம். அவன் அப்படியில்லை. சம்பள நாளில் நாங்கள் எல்லோரும் சாராயக் கடைப் பக்கம் நடந்தால், அவன் மட்டும் சாயபு ஒருவரின் கடையில் உட்கார்ந்து கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடிப்பான். அதுவும் ஒன்றல்ல, இரண்டல்ல. "இவன் வயித்துக்குள்ள ஒரு பேக்டரி ஓடுது" என்று நான் சொல்வேன். அவன் கோபிக்க மாட்டான். "ஒன் வயித்துக்குள்ள ஒரு கோர்ட்டுக் கேசு ஓடுது" என்பான்.

நாங்கள் இருவரும் லயத்துப் பிள்ளைகள், தோட்டக் கூலிகளின் வரிசை வீடுகளில் பிறந்தவர்கள். எங்களைப் பெற்றவர்கள் திருச்சிப் பக்கத்திலிருந்து ஒரே கங்காணியின் பின்னால் நடந்து வந்தவர்கள். விடியுமுன் தப்பு மேளம் அடித்து எழுப்பி, ஆளெண்ணி வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில் நிற்க வைக்கிறார்களே, அந்தக் கொடுமையிலிருந்து தப்பிக்கத்தான் நான் பொலிசில் சேர்ந்தேன். சேர்ந்த மறுநாள்தான் தெரிந்தது, பொலிசில் பெரட்டு அதற்கும் முன்னால் என்று. அவனோ விரும்பிச் சேர்ந்தவன். உடுப்பைத் தலையணைக்கு அடியில் மடித்து வைத்து அயன் பண்ணுவான். காலில் செருப்புக் கிடையாது எங்களுக்கு, ஆனால் அவன் கால் நகங்களைக்கூட தேய்த்து வைத்திருப்பான். இப்படிப்பட்டவனோடு ரோந்து போவது பெரிய சங்கடம். ஊரே அவனைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கும்.

அவன் மனைவி பொலிஸ் குவாட்டர்சில் இருக்கவில்லை. அந்த வளைவுக்கு மேலே உள்ள தோட்டத்தில்தான் கொழுந்து எடுத்தாள். என்னை அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள். அந்த அண்ணனுக்கு ஒரு மரியாதையும் கிடைத்ததில்லை.

அந்தத் தோட்டத்துக்கு மேலே, பத்தனைப் புல்வெளியைத் தாண்டிய காட்டுக்குள் கள்ளச்சாராயம் காய்ச்சினார்கள். பானைகள் யாருடையவை என்பது மலையில் மேய்கிற மாட்டுக்குக்கூடத் தெரியும். பெரிய கங்காணியின் மச்சானுடையவை. அந்தத் தோட்டத்தில் பெரிய கங்காணி என்றால் துரைக்கு அடுத்தபடி. துரை இல்லாத நேரத்தில் துரைக்கும் மேலே. அவர் கொண்டுவந்த ஆட்கள்தான் அங்கே பாதிப்பேர். அவரிடம் ஒருவர் தலை நிமிர்ந்து பேசினால் அன்றைக்குப் பெரட்டில் அவருக்கு மிக உச்சி மலை கிடைக்கும், அட்டை நிறைந்த மலை. அதனால் எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்லமாட்டார்கள்.

ஒருநாள் காலை அந்தக் காட்டிலிருந்து புகை எழும்புவதைக் கூட்டாளி பார்த்திருக்கிறான். அன்றைக்கு அவனோடு போயிருக்கவேண்டிய நான் ஓர் ஆட்டோடு பதுளைக்கு நடந்துகொண்டிருந்தேன். திருட்டு ஆடு. திருடியவனுக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது, ஆட்டுக்குக் கிடைக்கவில்லை. சான்றுப் பொருள் என்று சொல்லி அதை நான்தான் கோர்ட்டுக்குக் கொண்டுபோகவேண்டும். வழியெல்லாம் தேயிலை, ஆனாலும் அந்த ஆடு என் தொப்பியைத்தான் தின்னப் பார்த்தது. நான் தொப்பியைக் காப்பாற்றிக்கொண்டிருந்த அந்தக் காலையில், இங்கே அவன் தனியாக மலையேறிவிட்டான்.

மறுநாள் கொழுந்தெடுக்கப் போன பெண்கள் பாறைக்குக் கீழே ஓடையில் அவனைக் கண்டார்கள். பின்மண்டை பிளந்திருந்தது. மேலே காட்டில் பானைகள் உடைந்து கிடந்தன. காய்ச்சுவதற்கு வைத்திருந்த கோடா ஊறிய மண் புளித்து நாறியது. அவன் உடுப்பெல்லாம் சாராயம். உடைக்கிறவன்மேல் தெறிக்காமல் எங்கே போகும்? இதைச் சொல்லக் கொஞ்சம் மூளை போதும். ஆனால் மரண விசாரணைக்கு வந்தவர்களுக்கு மூக்கு மட்டும்தான் இருந்தது. மணந்து பார்த்தார்கள். குடித்திருக்கிறான், பாறையில் வழுக்கியிருக்கிறான், விழுந்திருக்கிறான் என்று முடித்துவிட்டார்கள். பார்த்தவர் ஒருவரும் இல்லை, ஒற்றையாய்ப் போனான், ஒற்றையாய் விழுந்தான். இவ்வளவுதான் தீர்ப்பு. பெரிய கங்காணியின் மச்சான் அதற்குள் மண்டபம் முகாமுக்குப் போகும் கூட்டத்தோடு சேர்ந்து இந்தியாவுக்குக் கடல் தாண்டிவிட்டான். ஊரில் கோயில் திருவிழாவாம்.

அந்தக் காலத்தில் எங்கள் பகுதியில் பொலிஸ்காரன் சாவதற்கு வழிகள் நிறைய. காய்ச்சலில் செத்தவர்கள் உண்டு, ஆற்றில் அடித்துக்கொண்டு போகப்பட்டவர்கள் உண்டு, கத்திக்குத்தில் போனவர்கள் உண்டு. எல்லாருக்கும் ஏதோ ஒரு மரியாதை நடந்தது. துப்பாக்கி சுட்டார்கள், பெட்டிக்குப் பின்னால் நடந்தார்கள். இவனுக்கு ஒன்றும் கிடையாது. குடிகாரனுக்கு மரியாதை செய்தால் பொலிசுக்கே கெட்ட பெயராம். நான் உயிரோடு குடிக்கிறேன், எனக்குச் சம்பளமும் தொப்பியும் கொடுத்து வைத்திருக்கிறார்கள். குடிக்காமல் செத்தவனால் கெட்ட பெயர் வந்துவிட்டதாம்.

அவனை லயத்து மயானத்தில் புதைத்தோம். புதைத்துவிட்டுத் திரும்பும்போது அவள் அழவில்லை. என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அண்ணே, நீங்க குடிச்சிட்டு வர்ற அன்னைக்கு ஒங்க சட்டையில எந்த எடத்துல மணக்கும்?"

"வாய்ப்பக்கம் மணக்கும், தங்கச்சி. கொஞ்சம் நெஞ்சுல."

"அவரு சட்டையில முதுகுலயும் மணந்திச்சு. முதுகால யாரு குடிப்பா?" என்றாள். மயானத்திலிருந்து லயம்வரை நடந்தோம். நான் பேசாமல் நடந்த தூரங்களில் அதுதான் நீளமானது.

எங்கள் ஆட்களிடையே ஒரு வழக்கம் உண்டு. வயதாகிச் செத்தவர்களை வீட்டுக்குள் கும்பிடுவோம். வெட்டுப்பட்டு, அடிபட்டு, அகாலத்தில் போனவர்களுக்கு வெளியே கல் நடுவோம். அப்படிப் போனவன் கோபத்தோடு அலைவான், கல்லில் நிறுத்திவிட்டால் காவலுக்கு நிற்பான் என்பது நம்பிக்கை. கல் நட்டாலே அடிபட்டுச் செத்தவன் என்று அர்த்தம். வழுக்கி விழுந்தவனுக்கு ஒருவரும் கல் நட மாட்டார்கள். அவள் கல் நடப்போகிறேன் என்றாள். அவள் என்ன சொல்கிறாள் என்பது எல்லாருக்கும் விளங்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்லை ஓடையிலிருந்து பெண்கள்தான் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நானும் ஒரு கை கொடுத்தேன், அதாவது பக்கத்தில் நடந்தேன். கல்லுக்கு என் தோல்வாரைக் கட்டினேன். அவனுடைய உடுப்பையெல்லாம் ஸ்டோருக்குத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள், அதனால் என்னுடையது. வார் தொலைந்துவிட்டது என்று ஸ்டேஷனில் சொன்னேன். தண்டனையாக இன்ஸ்பெக்டரின் குதிரை லாயத்தைக் கூட்டவைத்தார்கள். புதிய வார் வரும்வரை கால்சட்டையைத் தும்புக் கயிற்றால் கட்டிக்கொண்டு அரசாங்கத்தின் கௌரவத்தைக் காப்பாற்றினேன்.

தோட்டத்துப் பூசாரி நல்ல மனிதர், ஆனால் பயந்தவர். பொட்டு வைத்தார், மாலை போட்டார், பிறகு மடியிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்தார். காவல் தெய்வத்துக்குச் சாராயம் வைக்காமல் எங்கேயும் நடந்ததில்லை. அவள் போத்தலைப் பிடித்துக்கொண்டாள்.

"இது வேணாங்க பூசாரியாரே."

"என்னம்மா இது, காவக்கார சாமிக்கு இது இல்லாட்டி எப்படி? கோவிச்சுக்கும்."

"உசுரோட இருந்தப்ப குடிக்காதவரு, சாமியானதும் குடிப்பாராக்கும்?"

"மொறைன்னு ஒண்ணு இருக்கில்ல…"

"ஒரு சொட்டு ஊத்துனாலும் வெசாரணையில சொன்னது நெசமாயிரும். குடிகாரன்னு நம்ம வாயாலயே சொன்னமாதிரி ஆயிரும். தேத்தண்ணி ஊத்துங்க."

பூசாரி என்னைப் பார்த்தார். சட்டம் தெரிந்தவன் என்று நினைத்தார் போலும். "இவரு தேத்தண்ணிக்குத்தாங்க அடிமை. கருப்பட்டியோட வைங்க, இல்லாட்டி எந்திரிச்சு வந்து கேப்பாரு" என்றேன். பெண்கள் சிரித்தார்கள். பூசாரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்படித்தான் மலைநாட்டிலேயே முதன்முதலாக ஒரு காவல் தெய்வம் வெறுந்தேத்தண்ணிக்கு வாய் வைத்தது. தூளும் அந்தத் தோட்டத்துத் தூள்தான், பேக்டரியில் கூட்டி அள்ளியது. நல்ல தூள் எல்லாம் லண்டனுக்குப் போய்விடும், சாமிக்குக்கூட மிஞ்சாது.

அதன் பிறகு நடந்ததைத்தான் யாரும் எதிர்பார்க்கவில்லை. மலைக்குப் போகிற பெண்கள் வளைவில் நின்று, தங்கள் போத்தலில் இருக்கும் தேத்தண்ணியில் ஒரு மடக்கைச் சிரட்டையில் ஊற்றிவிட்டுப் போகத் தொடங்கினார்கள். யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. பேசினால் கேஸ் போடலாம், தேத்தண்ணி ஊற்றுவதற்கு என்ன கேஸ் போடுவது? ஊற்றுகிற ஒவ்வொரு மடக்கும் 'அவன் குடிக்கவில்லை' என்று சொன்னது. அவன் குடிக்கவில்லையென்றால் வழுக்கவில்லை. வழுக்கவில்லையென்றால் யாரோ அடித்தார்கள். யார் அடித்தது என்று அடுத்த மடக்குக் கேட்டது. பெரிய கங்காணி தினமும் குடையோடு அந்த வளைவைக் கடந்துதான் பங்களாவுக்குப் போகவேண்டும்.

முதலில் அவர் துரையிடம் சொல்லிக் கல்லைப் பிடுங்கப் பார்த்தார். துரை சம்மதிக்கவில்லை. சாமியில் கை வைத்தால் கொழுந்து வராமல் போய்விடும் என்ற பயம் துரைமாருக்கு எப்போதும் உண்டு. அப்போதுதான் பெரிய கங்காணி தன் மூளையைக் காட்டினார். எதிரியாக வராமல் பக்தனாக வந்தார். வருகிற ஆடி மாதம் அந்தக் கல்லுக்குத் தன் செலவிலேயே பெரிய பூசை என்று பெரட்டுக்களத்தில் அறிவித்தார். சேவல், பொங்கல், தப்பு, எல்லாம் உண்டு. முறைப்படி சாராயமும் உண்டு, தன் கையாலேயே ஊற்றுவாராம்.

எவ்வளவு அழகான யோசனை பாருங்கள். கல்லைப் பிடுங்கினால் கோபம் வரும். சாராயம் ஊற்றினால் கும்பிடு கிடைக்கும். ஊர் முழுக்கக் கும்பிட்டு நிற்க ஒரு தடவை ஊற்றிவிட்டால் போதும், அதற்குப் பிறகு அது குடிகாரச் சாமி. குடிகாரச் சாமி வழுக்கித்தான் விழுந்திருக்கும்.

நான் அவளைப் பார்க்கப் போனேன். லயத்து வாசலில் கூடை பின்னிக்கொண்டிருந்தாள்.

"கேள்விப்பட்டியா தங்கச்சி?"

"கேள்விப்பட்டேன். சேவலு யாரு வீட்டுச் சேவலாம்?"

"வெளையாடாத. அவரு கையால ஊத்துனா ஊரே பாக்கும். நீ என்ன செய்யப்போற?"

"நான் பொம்பள, நான் என்ன செய்ய. நீங்கதான் போலீசு. நீங்க என்ன செய்யப்போறீங்க?"

"நானும் அதத்தான் யோசிக்கிறேன்."

"யோசிங்க. வாரு இல்லாம யோசிச்சா கால்சட்ட நழுவிரும், பாத்து யோசிங்க."

அதற்குள் ஸ்டேஷனுக்கு மேலிடத்து உத்தரவு வந்துவிட்டது. அந்தப் பூசைக்கு எந்தப் பொலிஸ்காரனும் உடுப்போடு போகக்கூடாது. குடித்துச் செத்தவனுக்குப் பொலிஸ் மரியாதை கொடுத்த மாதிரி ஆகிவிடுமாம். எங்கள் சார்ஜன்ட் ஒரு மலாய்க்காரர். தாத்தா காலத்திலிருந்து பட்டாளத்திலும் பொலிசிலும் இருந்த குடும்பம். அதிகம் பேசமாட்டார், பேசினால் தமிழ், சிங்களம், மலாய் எல்லாம் ஒரே வசனத்தில் வரும். உத்தரவை எங்களுக்கு வாசித்துக் காட்டினார். பிறகு கேட்டார்:

"வெளங்கிச்சா? பூசைக்கு உடுப்போட போகப்படாது."

"வெளங்கிச்சு சார்ஜன்."

"நல்லது. அன்னைக்கு எனக்கு ரோட்டுல ரோந்து. அந்த வளைவுல கூட்டம் சேர்ந்தா வண்டி போகமுடியாது. ரோட்டுல நிக்கிறது பூசையில்ல, டியூட்டி. யாரு என்கூட வாறது?"

நாங்கள் எல்லோருமே கை தூக்கினோம். நான் இரண்டு கையையும் தூக்கினேன். பிறகு கால்சட்டையைப் பிடிக்கவேண்டியிருந்ததால் ஒரு கையை இறக்கினேன்.

பூசை நாளன்று பகல் உச்சிக்கு முன்னமே வளைவு நிறைந்துவிட்டது. மழை வரும்போல மூடாப்பு, ஆனால் பெய்யவில்லை. மேலே தேயிலைச் செடிகளுக்கு நடுவில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். ரோட்டோரத்தில் நாங்கள், உடுப்போடு, தொப்பியோடு, அசையாமல். ஒரு மாட்டுவண்டி வந்தது. அதற்கு வழிவிட்டோம், டியூட்டி டியூட்டிதானே. வண்டிக்காரன் எங்களைப் பார்த்துப் பயந்து வண்டியை நிறுத்தி, விசாரித்து, இறங்கிக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

பெரிய கங்காணி தலைப்பாகை, கோட்டு, கடுக்கன் சகிதமாக வந்தார். முன்னால் தப்பு. பின்னால் ஒருவன் சேவலோடு. போத்தலை அவரே பிடித்திருந்தார், கைக்குழந்தையைப் போல. கடையில் வாங்கிய அரசாங்க முத்திரை உள்ள சாராயம். அதிலும் புத்திசாலி. தப்பு நின்றது. எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"இவன் நம்ம தோட்டத்துப் புள்ள. நம்ம எல்லைய காக்கிற சாமி. நாம பாத்துச் செய்யாம வேற யாரு செய்யிறது?"

கல்லுக்கும் அவருக்கும் நடுவில் அவள் வந்து நின்றாள். தலையில் கொழுந்துக் கூடைக் கயிற்றின் தழும்பு, கையில் தேத்தண்ணிச் சட்டி. கும்பிட்டாள். குரலை உயர்த்தவில்லை.

"செய்யுங்க கங்காணி ஐயா. பொங்க வைங்க, சேவல அறுங்க. போத்தல மட்டும் கீழ வைங்க."

"மொறைய மாத்தச் சொல்றியா?"

"மொறையத்தாங்க கேக்குறேன். சாமிக்குப் புடிச்சதத்தானே படைக்கிறது மொறை? இவருக்குச் சாராயம் புடிக்கும்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?"

பெரிய கங்காணி அவளோடு பேசுவது தன் தகுதிக்குக் குறைவு என்பதுபோல என் பக்கம் திரும்பினார். "போலீசு ராலாமி, இந்தப் பொம்பளையக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லு. பூசைக்கு எடஞ்சல்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இப்படியான நேரத்தில் கம்பீரமாக ஏதாவது சொல்லவேண்டும் என்று எனக்கு வாழ்நாள் ஆசை. தொண்டையைச் செருமினேன். வந்தது கோழிக்குஞ்சுக் குரல்.

"என்னால முடியாதுங்க கங்காணியாரே. இந்தக் கல்லு எனக்கு சீனியரு. அவரு நிக்கிற எடத்துல, அவரு உத்தரவு இல்லாம நான் யாரையும் தள்ளப்படாது."

மேலே தேயிலைக்குள்ளிருந்து சிரிப்பு உருண்டு வந்தது. அந்தத் தோட்டத்தில் பெரிய கங்காணியை வைத்துக்கொண்டு ஆட்கள் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. நிதானம் தவறியது அங்கேதான்.

"என்ன சிரிப்பு? அவன் குடிச்சிட்டு விழுந்தது ஊருக்கே தெரியும்" என்றார்.

அவள் நகரவில்லை. "ஊருன்னா யாருங்க? இந்தா நிக்குது ஊரு. கேளுங்க."

சேவல் மட்டும் ஏதோ சொன்னது.

"ஐயா பாத்தீங்களா, அவரு குடிச்சத?"

"நான் எதுக்குப் பாக்கணும்? பாத்தவங்க சொன்னாங்க."

"பாத்தவங்களா?" என்றாள் அவள். "ஒத்தையா போனாரு, ஒத்தையா விழுந்தாரு, பாத்தவங்க ஒருத்தரும் இல்லன்னுதானே வெசாரணையில முடிச்சாங்க. அப்ப பாத்தவங்க யாருங்க ஐயா?"

மூடாப்பு மேகம் கூட அசையாமல் நின்றது என்று எழுத ஆசையாக இருக்கிறது. மேகம் எப்போதும்போலத்தான் போனது. ஆனால் மனிதர்கள் ஒருவரும் அசையவில்லை, ஒருவரைத் தவிர. எங்கள் சார்ஜன்ட் ரோட்டோரத்திலிருந்து ஓரடி முன்னால் வைத்தார். அந்த ஓரடியோடு ரோந்து முடிந்து வேறு ஏதோ தொடங்கிவிட்டது.

"அந்தப் பேரு எனக்கும் வேணும், கங்காணி. பாத்த ஆளு பேரு."

பெரிய கங்காணியின் கண்கள் சார்ஜன்டுக்கும் அவளுக்கும் மேலே நின்ற பெண்களுக்கும் அலைந்தன. பார்த்தவன் பெயரைச் சொன்னால் மச்சான் காட்டில் இருந்தது வெளியே வரும். பார்த்தவன் இல்லையென்றால் குடி இல்லை. கையில் போத்தல் வேறு.

"பேச்சுக்குச் சொன்னேன்" என்றார். "யாரும் பாக்கல."

"அப்ப சாராயம் எதுக்குங்க?" என்றாள் அவள்.

அவர் போத்தலைத் தரையில் வைத்தார். வைத்தது என்றுகூடச் சொல்லமுடியாது, கை அதுவாகவே இறங்கியது. அவள் சட்டியிலிருந்து சிரட்டையில் தேத்தண்ணி ஊற்றிக் கல்லுக்குக் காட்டினாள், பிறகு அதே சிரட்டையை இரண்டு கையாலும் பெரிய கங்காணிக்கு நீட்டினாள். சாமிக்குக் காட்டியதை மறுக்கமுடியாது. அதுவும் தானே ஏற்பாடு செய்த பூசையில், தன் ஆட்கள் எல்லாரும் பார்த்து நிற்க. குடித்தால் அவன் குடிகாரன் இல்லை என்று ஒப்புக்கொண்டதாகும்.

குடித்தார். சுடச்சுடக் குடித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. சூட்டினால் வந்ததா வேறு எதனாலாவது வந்ததா என்று நான் ஆராயவில்லை. ஆராய்ந்து கண்டுபிடிக்கிற பொலிஸ்காரன் நான் எப்போதுமே இல்லை. பூசாரி மடமடவென்று தீபாராதனை காட்டினார். தப்பு முழங்கியது. சார்ஜன்ட் ஒரு சொல் சொன்னார், நாங்கள் எல்லோரும் குதிகாலைச் சேர்த்து நிமிர்ந்து கல்லுக்குச் சல்யூட் அடித்தோம். அரசாங்கம் மறுத்த மரியாதையை அரசாங்க உடுப்போடு, பட்டப்பகலில், அரசாங்க ரோட்டில் நின்று கொடுத்தோம்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டு அங்கே என்ன நடந்தது என்று கேட்டார். "பெரிய கங்காணி சாமிக்குத் தேத்தண்ணி வச்சுக் குடிச்சாருங்க ஐயா, வேற ஒண்ணும் நடக்கல" என்றேன். பொய் இல்லை. சார்ஜன்டை மாற்றவில்லை, என்னைத்தான் மாற்றினார்கள், யானையும் காய்ச்சலும் உள்ள வெல்லவாயப் பக்கம். யானை என்னை ஒன்றும் செய்யவில்லை. சத்தில்லாத ஆள் என்று விட்டுவிட்டது போலும்.

ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். அந்தக் கொலைக்கு யாரும் தூக்கில் தொங்கவில்லை. மச்சான் திரும்பி வரவே இல்லை. விசாரணையில் எழுதியதை யாரும் திருத்தவில்லை. கடமையில் இறந்தவர்கள் என்று பொலிஸ் நினைத்துப் பார்க்கிறவர்களில் என் கூட்டாளி இன்றைக்கும் இல்லை. அதற்காக நான் மனு எதுவும் போடப்போவதில்லை. அவர்கள் நினைக்காவிட்டால் போகட்டும். நாங்கள் நினைக்கிறோம், அதற்கு அனுமதி கேட்கவில்லை.

இப்போது ரயில் பதுளைவரை வந்துவிட்டது. தெமோதரையில் இறங்கி வளைவுக்கு நடக்கலாம், என் முழங்காலுக்குச் சௌகரியம். சென்ற மாதம் போயிருந்தேன். அவள் இன்னும் கொழுந்துக்குப் போகிறாள், தலை நரைத்துவிட்டது, வாய் நரைக்கவில்லை. இதையெல்லாம் எழுதப்போகிறேன் என்று சொன்னேன்.

"எழுதுங்க" என்றாள். "ஒங்களப் பத்திக் கொஞ்சமா எழுதுங்கண்ணே. அவர எழுத எடம் வேணும்ல."

முயன்றேன், முடியவில்லை. மன்னிக்கவேண்டும்.

அன்றிலிருந்து இன்றுவரை அந்தக் கல்லின்மேல் ஒரு சொட்டுச் சாராயம் விழவில்லை. ஊற்றிப் பார்க்கலாம் என்று யாருக்காவது ஆசையிருந்தால் தாராளமாக வரட்டும். பகலில் வரட்டும். மலையில் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பார்கள்.